பின்னால் வந்த வீடு

டிரெய்லர் லாரி ஓட்டும் டிரைவர் தன் மனைவியை விட்டுப் போய்விடுவது என்று முடிவுகட்டி வண்டியைக் கிளப்பிய திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு, அவனுடைய வீடும் அவன் பின்னாலேயே புறப்பட்டது. மூன்று அறை, தகரக் கூரை, பச்சைக் கதவு. தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, இரண்டு பக்கத்து வீடுகளையும் உரசாமல் வெளியே வந்து, தெருமுனையில் ஒழுங்காகத் திரும்பி, டிரெய்லருக்கு நாலடி பின்னால் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொக்கி கிடையாது, சங்கிலி கிடையாது. அன்றைக்கு டிரெய்லரில் இருந்தது பதினெட்டு டன் இரும்புக் கம்பி. வீட்டில் இருந்தது அவன் மனைவி, அவளுடைய தையல் மெஷின், அடுப்பில் ஒரு பாத்திரம் பால். பால் ஒரே பக்கமாகச் சாய்ந்து வழிந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அவள் தார்ப்பாய் தைக்கிறவள். தெருவில் எல்லோருக்கும் தார்ப்பாய்க்காரி. டிரெய்லர் எதையும் அவள் ஓட்டியதில்லை, ஏறியதுகூட இல்லை, ஆனால் அளவெடுத்தே அத்தனை வகையையும் தெரிந்துவைத்திருந்தாள். கம்பியும் மரமும் ஏற்றுகிற மொட்டைத் தட்டுக்கு நாற்பதடி நீளத்தில் ஒரே பாய். ஜல்லி கொட்டுகிற டிப்பருக்குச் சுருட்டிக் கட்டுகிற பாய். மண் வெட்டும் இயந்திரத்தை ஏற்றுகிற தாழ்ந்த டிரெய்லருக்குப் பாயே வேண்டாம், அதைப் போய் யார் மூடப் போகிறார்கள்? படகு ஏற்றுகிறதற்குப் படகின் வயிற்றுக்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும், இரண்டு நாள் வேலை. குதிரை ஏற்றுகிறதற்குப் பக்கவாட்டில் வலை வைக்க வேண்டும். வைக்க மறந்தால் குதிரையே கிழித்து வைத்துக்கொள்ளும். அவளுடைய மெஷின் வார்ப்பிரும்பு, தூக்குவதற்கு நாலு ஆள் வேண்டும். பின்னறையில் அதைப் போட்டுப் பதினாறு வருஷம் தைத்தாள். வாடிக்கைக்காரர்கள் தேடி வந்தார்கள். அந்தத் தெருவை விட்டு வேறெங்கும் போக அவள் ஆசைப்பட்டதே இல்லை.

டிரைவருக்கு இன்னொருத்தி, குடி, சீட்டு என்று எதுவும் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதன்தான். பதினாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே சுவரைப் பார்த்தது போதும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கை கழுவிக்கொண்டே அதைச் சொன்னான். அவள் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவன் பதினோரு கிலோமீட்டர் போன பிறகு பாலத்து வளைவில் கண்ணாடியைப் பார்த்து, வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான்.

"என் பின்னாடியே வர்றியே, உனக்கு வெட்கமா இல்லையா?" என்றான்.

"நான் எங்க வர்றேன்? நீங்கதானே இழுத்துட்டுப் போறீங்க," என்றாள் அவள்.

இந்தக் கேள்வியும் பதிலும் வார்த்தை மாறாமல் ஆறு வருஷம் ஓடின.

முதல் சோதனைச் சாவடியில் இருந்த அதிகாரி விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முன்பாரம் இழுக்கிற வண்டியின் மேல் உட்கார்ந்தால் அது ஒரு வகை டிரெய்லர், முன்னும் பின்னும் தனக்கே சக்கரம் இருந்தால் அது இன்னொரு வகை. வீட்டுக்குச் சக்கரமே இல்லை. குனிந்து பார்த்தார், ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது, அந்தப் பக்கம் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. உள்ளே அடுப்பும் படுக்கையும் இருப்பதால் குடியிருப்பு டிரெய்லர் என்று எழுதி, பின்சுவரில் நம்பர் பலகையும் இரண்டு சிவப்பு விளக்கும் வைக்கச் சொல்லி அனுப்பினார். ஓட்டத்தில் இருக்கும்போது கொடியில் துணி உலர்த்தக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் அறுந்துதான் போயிருந்தன. ஆனாலும் விளக்கு எரிந்தது, காலை ஆறிலிருந்து ஏழு வரை தண்ணீர் வந்தது, தெருவில் வந்துகொண்டிருந்த அதே நேரத்துக்கு. அதைப் பற்றி எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்கவில்லை, அவளும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

அறுபதைத் தாண்டி ஓட்டினால் வீடு ஆடியது. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் கீழே வந்தன. நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் கொக்கி, இணைப்பு வேலையெல்லாம் பார்க்கிற பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுப் புருவமே இல்லாத மனிதர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாரமெல்லாம் பின்னால் கிடக்கிறது என்றார். எந்த டிரெய்லரானாலும் பாரம் முன்பக்கம் கூடுதலாக இருக்க வேண்டுமாம். பின்னால் கூடினால் வால் ஆடத்தான் செய்யுமாம். நாலு பேர் சேர்ந்து மெஷினை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம் வீடு அசையாமல் வந்தது.

"பாரம் இருக்கறதும் நல்லதுதாம்மா. காலி வண்டிதான் ரோட்டுல குதிக்கும்," என்று போகும்போது சொன்னார் பட்டறைக்காரர்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் தலை நிமிர்ந்தபோதெல்லாம் எதிரே தெரிந்தது புருஷனுடைய டிரெய்லரின் பின்பலகைதான். முன்பு பின்னறை ஜன்னலில் பக்கத்து வீட்டு அக்காவின் கொய்யா மரம் தெரியும். அக்கா முன்பு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் போன் பண்ணி, காலி மனையைக் கூட்டி வைத்திருப்பதாகவும், யாரோ குப்பை கொட்ட வந்ததைத் திட்டி அனுப்பியதாகவும் சொல்வார். "இடம் அப்படியேதான் இருக்கு. எப்ப வர்றே?" என்று கேட்டுத்தான் வைப்பார். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். ஓடுகிற வீட்டைத் துரத்தி வந்து யார் அளவு கொடுப்பார்கள்? வழியில் நிற்கிற லாரிகளுக்குக் கிழிசல் ஒட்டிக் கொடுத்து அவள் கையை ஓயவிடாமல் வைத்திருந்தாள். ஆனாலும் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தெருவில், அந்த மனையில், நகராத ஒரு தரையில் மெஷினைப் போட்டு உட்கார வேண்டும்.

டிரைவரும் சும்மா இருக்கவில்லை. வீட்டை உதறுவதற்காக வருஷத்துக்கு ஒரு வகை டிரெய்லர் மாற்றினான். தாழ்ந்த டிரெய்லரில் நாற்பது டன் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை ஏறினால் வீடு பின்தங்கிவிடும் என்று நினைத்தான். அது மூச்சுக்கூட வாங்கவில்லை. டிப்பரில் ஜல்லி ஓட்டினான். அவன் தூக்கிக் கொட்டும்போதெல்லாம் வீடும் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, அவள் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவனுடைய வம்சத்தையே விசாரித்தாள். டேங்கரில் பாதி அளவே எண்ணெய் ஏற்றி ஓட்டிய மாதத்தில் குடத்துத் தண்ணீர் ராத்திரி பகலாகத் தளும்பியது. கார்களை இரண்டு அடுக்காக ஏற்றும் டிரெய்லரை எட்டு மாதம் ஓட்டினான். ஒப்பந்தம் முடிந்தபோது வீட்டுக்கு மேலே ஒரு சின்ன மாடியறை வந்திருந்தது, ஏணியோடு. அவள் அதில் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டாள். படகு டிரெய்லரைச் சரிவில் இறக்கி ஏரித் தண்ணீருக்குள் விட்ட அன்று வீடும் கூடவே இறங்க, முன்னறையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, இரண்டு கெண்டை மீனும் வந்தன. அன்று மட்டும் அவன் பயந்துபோய் ஓடி வந்து கதவைத் திறந்தான். அவள் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் மீன்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், பிறகு எதற்குச் சிரித்தோம் என்று இருவருக்கும் சங்கடமாகிவிட்டது.

நாலாவது வருஷம் அவனே வீட்டைப் பழைய இடத்தில் விட்டுவிட முயன்றான். மனைக்குள் வீட்டை வைக்க வேண்டுமானால் பின்னோக்கித் தள்ள வேண்டும். டிரெய்லரைப் பின்னால் ஓட்டுவதே தனி வித்தை, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும். அதற்கும் பின்னால் இன்னொன்று தொடர்ந்தால் எது எங்கே போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத் தனி லாரியோடு வரலாமே என்று அக்கா கேட்டார். கழற்றினால் வீடு லாரியோடு வருவதில்லை, கழற்றி வைத்த டிரெய்லரோடு அங்கேயே நின்றுவிடுகிறது, அவன் வேறு டிரெய்லரை மாட்டிக் கிளம்பினால் அதன் பின்னால் வந்துவிடுகிறது. மூன்று தடவை தள்ளிப் பார்த்தான். அக்காவின் மதில் இடிந்தது, கொய்யா மரம் சாய்ந்தது. கடைசியில் அவன் வேர்த்து விறுவிறுத்து ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டான். முன்னால் போவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை என்று அன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சாலையோரக் கடைகளில் அவனை எல்லோருக்கும் தெரியும். பொண்டாட்டி விடமாட்டேன் என்கிறாள், பாருங்கள், வீட்டோடு துரத்துகிறாள் என்று சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான். கேட்டவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கும் சந்தேகம் தட்ட ஆரம்பித்தது. தன் மனசுதான் அவனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, வேண்டாம் என்று சொன்னவன் பின்னாலேயே வெட்கமில்லாமல் போகிறோமோ என்று நினைத்துக் கூசிப்போனாள். வேறு எதையும்விட அதுதான் அவளுக்கு வலித்தது. சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. நூல் வாங்க அவள் இறங்கினால் அவன் வண்டியை நிறுத்திவிடுவான், எஞ்சினை ஓடவிட்டபடி அவள் திரும்பி ஏறும்வரை காத்திருப்பான். ஏன் என்று கேட்டால், நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்பான்.

ஆறாவது வருஷம், மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை, மரக்கட்டை ஏற்றிக்கொண்டு அதே தெருவழியாகப் போக வேண்டி வந்தது. அவள் பட்டறைக்காரருக்கும் அக்காவுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். வீடு மனைக்கு நேரே வந்ததும் நிறுத்தச் சொன்னாள். பட்டறைக்காரர் மூன்று ஆட்களோடு வந்து மெஷினை இறக்கி மனை நடுவே வைத்தார். அவள் நூல்கண்டுகளையும் ஊசிப் பெட்டியையும் இரண்டு பாத்திரத்தையும் ஒரு தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டாள், வேறு எதையும் தொடவில்லை. நாலு கம்பம் நட்டு, அவள் தைத்த அந்த நாற்பதடிப் பாயை இரண்டாக மடித்துக் கட்டி நிழல் போட்டார்கள். டிரைவர் அவ்வளவு நேரமும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப பாரு. நீ இறங்கிட்டே, வீடு இங்கேயே நின்னுடும்," என்றான்.

"நின்னா நல்லதுதான். கிளம்புங்க," என்றாள் அவள்.

அவன் ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டான். அவள் பச்சைக் கதவையே பார்த்தாள். லாரி நகர்ந்தது, டிரெய்லர் நகர்ந்தது, நாலடி விட்டு வீடும் நகர்ந்தது. தெருமுனையில் ஒழுங்காகத் திரும்பிப் போயிற்று. அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு ஆறு வருஷத்துக் கோபமும் ஒன்றாகத் திரண்டு வர, மெஷினில் தலையைச் சாய்த்து நன்றாக அழுது தீர்த்தாள். அக்கா பக்கத்திலேயே நின்றார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லி, மெஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தாள்.

பின்னால் திரும்ப முடியாதவன் ஆகையால் அவன் முழுச் சுற்றும் சுற்றி மறுபடி அந்தத் தெருவுக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் மனையில் செங்கல் சுவர் தோள் உயரம் எழும்பியிருந்தது, வாசலில் இரண்டு லாரிகள் பாய்க்கு அளவு கொடுக்கக் காத்திருந்தன. அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். இளைத்திருந்தான்.

"இன்னும் வருது," என்றான்.

"பார்த்தேன். காலியா இருக்கு, அதான் குதிக்குது. முன்ரூம்ல நாலு மூட்டை மணல் போட்டுக்கோங்க," என்றாள்.

அவன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப இத்தனை நாளா என்னைப் பிடிச்சுட்டு வந்தது நீ இல்ல," என்றான்.

"இல்லை," என்றாள் அவள். குத்திக்காட்டும் ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது, விட்டுவிட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு போய், மாடியறையையும் சேர்த்து வீட்டை அளந்தாள். ஆள் இல்லாத வீட்டில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அடுத்த சுற்றுக்குள் பாய் தைத்து வைக்கிறேன் என்றாள். சொன்னபடியே வைத்தாள். அவன் கட்டிய முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து அவளே கட்டிக் கொடுத்தாள்.

வீடு இன்றைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தெருவைக் கடந்து போகிறது. நம்பர் பலகை வருஷாவருஷம் புதுப்பிக்கப்படுகிறது. போன வாரம் குதிரை டிரெய்லருக்கு அளவு கொடுக்க வந்த புது ஆள் ஒருவர், லாரிக்குப் பின்னால் வீடு ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, அது யாருடைய வீடு என்று அவளைக் கேட்டார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, "அவரோடது," என்றாள். பிறகு பக்கவாட்டு வலைக்கு எத்தனை அங்குலம் விட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.