வலப்பக்கம் இழுக்கும் கார்

பிரேக்கை மிதித்தால் அந்தப் பழைய கார் இரண்டு காரியம் செய்தது. கீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியது. நிற்பதற்குள் கொஞ்சம் வலப்பக்கம் போய் எட்டிப் பார்த்தது.

காரின் சொந்தக்காரி போராம் திங்கட்கிழமை கடலோர ஊரான காங்னுங்கில், மீன்நோய் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். நடுவில் மலை. இறக்கம் முழுக்க வளைவு.

"பிரேக் சரியில்லாத வண்டியில நீ மலை இறங்க வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். "நம்ம நூடுல்ஸ் கடையிலயே இரு. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவுல வளைவே கிடையாது."

சனிக்கிழமை காலை போராம், பள்ளித்தோழி சுல்கியின் பட்டறைக்குக் காரை ஓட்டிப் போனாள்.

"எப்பேர்ந்துடீ கத்துது?"

"வாங்கின மறுவாரத்துலேர்ந்து. காலையில ஜாஸ்தி."

"காலையில நானும் அப்படித்தான்."

சுல்கி பிரேக் ஆயிலைப் பார்த்தாள், குறையவில்லை. பெடலை மிதித்துப் பார்த்தாள், கெட்டியாக நின்றது. ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினாள். வலப்பக்கம் பிரேக் பேட், டிஸ்க் இரண்டும் சுத்தம்.

"இது நல்ல பிள்ளை" என்று இடப்பக்கம் போனாள்.

அங்கேயும் பேட் தேயவில்லை. ஆனால் அதன் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. ஓரமெல்லாம் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"போராம், நேத்து குடிச்சியா?"

"இல்லையே."

"அப்ப கார்தான் குடிச்சிருக்கு."

போராமும் முகர்ந்தாள். புளித்த அரிசிக் கள்ளின் வாடை. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, காருக்குக் கள் ஊத்துனீங்களா?"

"வாங்கின அன்னிக்குச் சக்கரத்துக்கு ஊத்தினோமே. நீயும்தான கும்பிட்ட?"

"அதுக்கப்புறம்?"

சூப் கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி கத்துதே, பூசையில ஏதோ குறை வச்சுட்டோமோன்னு... நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி தெனம் ஒரு கிண்ணம்."

"இடப்பக்கம் மட்டுமா?"

"வலப்பக்கம் செவுத்தை ஒட்டில்ல நிறுத்துற. நான் எங்க நுழையறது?"

சுல்கி சக்கரக் குழிக்குள் தலையை விட்டுச் சிரித்தாள். பிறகு தொலைபேசியருகே வந்தாள்.

"மாமா, அது கத்துதுன்னு நீங்க ஊத்துறீங்க. நீங்க ஊத்துறதாலதான் அது கத்துது. இடப்பக்கம் பிரேக் பிடிக்கல, அதான் வலப்பக்கம் இழுக்குது."

"ஊத்தாம விட்டா மலையில அவளுக்கு யாரும்மா துணை?"

சுல்கியின் சிரிப்பு நின்றது. போராம் கையிலிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு ஆள் வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடிப்பதாகவே இதுவரை நினைத்திருந்தாள்.

"புது பேட் போட்டுத் தரேன் மாமா" என்றாள் சுல்கி. "நாளைக்கு நீங்களே உக்காந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை அப்பா கடையைச் சாத்திவிட்டு ஏறிக்கொண்டார். இறக்கத்தில் கார் கத்தவில்லை, எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"அங்க பிரேக் இல்லப்பா."

"தெரியும். நீ ரோட்டைப் பாரு."

கடல் தெரிந்ததும் போராம் ஓரமாக நிறுத்தினாள். அப்பா இறங்கி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே நொண்டி நொண்டி நடந்தார்.

"நாளைக்கும் கூட வரீங்களா?"

"என் கால் தாங்காது" என்றார். "நீயே போயிட்டு வா."