நிலை: நன்று

காலை ஆறு மணிக்கு ஊமைக்கோட்டான் தன் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டுவான். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, இரண்டே விரலால் அதை வாங்குவேன். நாற்றம்கூட அப்புறம்தான். முதலில் அந்தச் சூடு. அடுத்தவன் தலை பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்த சூடு.

நாங்கள் இருவரும் பனி உறையும் ஊரில் ஒரு பெரிய கிடங்கின் முன்வாசல் காவலர்கள். பகல் எனக்கு, இரவு அவனுக்கு. குளிர்காலம் வந்தால் நிர்வாகம் முன்வாசலுக்கு மட்டும் ஒரு தொப்பி தரும். ஆளுக்கு இல்லை, வாசலுக்கு. காதை மூடும் மடல், உள்ளே பொய் ரோமம், தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நாடா. லாரி வந்தால் கூண்டைவிட்டு இறங்கி, முத்திரையைப் பார்த்து, வண்டி எண்ணைக் குறித்து, தடுப்பைத் தூக்க வேண்டும். அந்தக் காற்றில் வெறும் தலையோடு நின்றால் காது கையோடு வந்துவிடும். அதனால் டார்ச், விசில், சாவிக்கொத்தோடு தொப்பியும் ஒப்படைப்பு ஏட்டில் ஏறிவிட்டது. பொருள், எண்ணிக்கை, நிலை, கையெழுத்து என்று நான்கு கட்டம். வாங்குகிறவன் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

காலைதோறும் தொப்பிக்கு நேரே நான் 'நாற்றம்' என்று எழுதினேன்.

அது சாதாரண நாற்றமா! சிக்குப் பிடித்த எண்ணெயும் எதுவோ கருகியதும் காயாத துணியும் சேர்ந்த வீச்சம். உள்பட்டையில் விரல் வைத்தால் வழுக்கும். ரோமம் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். சீச்சீ, அதைப் போய்க் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டுமே! நான் சுத்தக்காரன். குளிரோ மழையோ, தினமும் குளிக்கிறவன். பத்து வருடமாக என் கையாலேயே எண்ணெய் காய்ச்சித் தேய்த்துத் தலையைப் பேணுகிறவன். என் வயதுக்காரர்கள் மண்டை பளபளக்கத் திரியும்போது எனக்கு மட்டும் முடி நிற்கிறதென்றால் சும்மாவா?

ஊமைக்கோட்டானைப் பார்த்தால் என்னவோ துடைத்து வைத்த மாதிரிதான் இருப்பான். நாற்பது வயது, ஒட்ட வெட்டிய முடி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், அதிலும் பாதியை விழுங்கிவிடுவான். இரவு வேலையும் சேர, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் வரும் நேரத்துக்குக் கூண்டின் ஜன்னலை அகலத் திறந்து போட்டிருப்பான், அந்தக் குளிரிலும். தொப்பியைக் கழற்றியதும் தலையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றை உருவி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பான்.

"இது எதுக்குய்யா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மாண்ணே. குளிருக்கு."

பிளாஸ்டிக் உறைக்குள் ராத்திரி முழுக்க வேர்த்து ஊறிய தலை! நாற்றத்தின் ஊற்று பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் எழுதியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. மேற்பார்வையாளர் அறைக்கே போனேன். அவருக்குப் பழைய தமிழில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ஏட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"நாற்றம்னா அந்தக் காலத்துல நறுமணம்யா. நீ பாராட்டி எழுதுறேன்னு விட்டுட்டேன்."

"சார், எனக்குக் கொடலப் பொரட்டுது. அவன் குளிக்கிறதே இல்ல சார். ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

இருபது வருடம் அந்த வாசலில் நின்றவன் நான். என் பேச்சு எடுபட்டது. மறுநாளே ஊமைக்கோட்டானைப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கூண்டு கிடையாது. நாலு கம்பமும் ஒரு தகரமும்தான். தொப்பியும் கிடையாது, அது முன்வாசல் சொத்து. போன குளிர்காலத்தில் அங்கே நின்றவருக்குக் காதுநுனி கறுத்து, கடைசியில் மருத்துவர் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். வாயில்லாப் பூச்சி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போனான்.

அவன் இடத்துக்கு வந்தவரிடம் சொந்தக் குல்லாய் இருந்தது. பீடை விட்டது என்று வாசல் தொப்பியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். எனக்கே எனக்கென்று ஒன்று வாங்க மனைவியோடு கடைக்குப் போனேன்.

கடையா அது! கூடை கூடையாகத் தொப்பிகள், ஊரார் தலையெல்லாம் புகுந்து புறப்பட்டவை. எனக்கு முன்னால் ஒரு பெண் போட்டுப் பார்த்துக் கழற்றிய வெள்ளைக் குல்லாயின் ஓரத்தில் அவளுடைய முகப்பூச்சு அப்பியிருந்தது. விற்பனையாள் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு உறைகளைப் பிரித்தான். நசுங்கியிருந்த ஒரு தொப்பிக்குள் வாயை வைத்து ஊதி, உப்ப வைத்து, என்னிடம் நீட்டினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பின்னல் குல்லாயைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணிக்குக் கண்ணி வெளிச்சம் தெரிந்தது, காற்றுக்குக் கேட்பானேன். ரோமத் தொப்பி முடி உதிர்த்து என் உதட்டில் ஒட்டியது. எந்தப் பிராணியோ, துப்பினேன். அகல விளிம்பு வைத்த ஒன்று எனக்குப் பிரமாதமாக இருந்தது. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினேன்.

"ஏங்க, பொண்ணு பாக்கவா போறீங்க? காது ரெண்டும் வெளிய நிக்குது" என்றாள் மனைவி. "காது மூடணும், காத்து நுழையக்கூடாது, துவைக்க முடியணும். வேற என்ன வேணும் உங்களுக்கு? ஒரு அளவு பெருசா எடுங்க, காது மடங்கினா வலிக்கும்."

அவளே தேர்ந்தெடுத்தாள். வெளியே நெருக்கமான கம்பளி, உள்ளே மெத்தென்ற துணி, பொத்தான் வைத்த மடல். மடலின் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். உறை பிரிக்காத புதிதாகத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்று வாங்கினேன்.

எட்டு நாள் சொர்க்கம். வெதுவெதுப்பாக இருந்தது, அதுவும் என் சொந்த வெதுவெதுப்பு. ஒன்பதாம் நாள் காலையில் மடலை இறக்கினேன். அதே வீச்சம். எண்ணெய், கருகல், காயாத துணி. அப்படியே ஊமைக்கோட்டானின் நாற்றம். வீட்டுக்கு வந்ததும் தொப்பியை மனைவியிடம் நீட்டினேன்.

"மோந்து பாரு. கடைக்காரன் பழசத் தலையில கட்டிட்டான்."

அவள் மோந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க தலதான்" என்றாள்.

"என்னது?"

"பூண்டையும் வெங்காயத்தையும் கருகக் கருகக் காய்ச்சித் தேய்ச்சா வேற எப்படி இருக்கும்? உங்க தலகாணி உறைய மட்டும் தனியாத் துவைக்கிறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"பத்து வருஷமா ஏன்டி சொல்லல?"

"மொத வருஷம் முழுக்கச் சொன்னேன். என் மூக்குலதான் கோளாறுன்னீங்க."

மறுநாள் கூண்டில் ஒப்படைப்பு ஏட்டை எடுத்தேன். காலைப் பக்கம் நான் எழுதியது. மாலைப் பக்கத்தை அதுவரை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. காலையில் அவன் தலைச்சூட்டோடு நான் வாங்கினால், மாலையில் என் தலைச்சூட்டோடு அவன் வாங்கியிருப்பான் அல்லவா? அது ஒருநாளும் என் புத்தியில் உறைக்கவில்லை. தொப்பி, ஒன்று, நிலை நன்று. அடுத்த மாலை, நன்று. ஒரு மாதமும் மணிமணியான எழுத்தில் நன்று, நன்று. அந்தப் பிளாஸ்டிக் உறை ஞாபகம் வந்தது. என் தலை எனக்கே அருவருத்தது. எங்கே கழற்றி வைப்பது?

மேற்பார்வையாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, "ரொம்ப சந்தோசம். அவன நாளைக்கே முன்னால வரச் சொல்லு" என்றார். வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போய், அதே மாதிரி இன்னொரு தொப்பி வாங்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தேன்.

அவன் தகரத்தின் கீழே துண்டோடு நின்றான். துண்டுக்கு வெளியே தெரிந்த இடது காது வீங்கி, தோல் வெடித்து, நுனியில் நீர் கோத்திருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"தினமும் நன்றுன்னு ஏன்யா எழுதுன?"

"வேற என்னண்ணே எழுதுறது? பெரியவரு நீங்க."

தொப்பியை நீட்டினேன். இரண்டே விரலால் வாங்கினான்.

"புதுசுய்யா. என் தலை படவே இல்ல. உறைகூடப் பிரிக்கல பாரு."

உறையைப் பிரித்தான். முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு, உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகுதான் போட்டுக்கொண்டான்.

"சார்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து முன்வாசலுக்கு வந்துரு. கூண்டு இருக்கு, நாற்காலி இருக்கு."

அவன் மடலை இறக்கி, வெடித்த காதில் படாமல் மெதுவாகப் பொத்தானை மாட்டினான்.

"இல்லண்ணே. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"இந்தக் குளிர்லயா?"

"குளிருதான்" என்றான். "ஆனா காத்து நல்லா வருதுண்ணே."