சறுக்குமரத்தின் நடுவில்

காக்ஸ் டவுனில் ஒரு மழலைப் பள்ளி. டோரீன் அங்கே டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா இறந்துபோன பிறகு வீட்டின் அமைதியைத் தாங்க முடியாமல் தேடிக்கொண்ட வேலை. அண்ணன் மெல்போர்னில் இருந்தான். அவள் கல்யாணப் பேச்சைச் சொந்தக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு உராய்வைக் காட்ட வேண்டியிருந்தது. பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துப் பொம்மைக் காரை விட்டாள். சர்ரென்று ஓடிச் சுவரில் முட்டியது. பலகைமேல் துண்டை விரித்து மறுபடி விட்டாள். பாதியில் நின்றுவிட்டது.

"மிஸ், காருக்குத் தூக்கம் வந்துடுச்சு!" என்றான் ஷ்ரேயாஸ்.

"தூக்கம் இல்லடா. துண்டு சொரசொரன்னு இருக்கில்ல? அது காரைப் பிடிச்சுக்குது. தொட்டுப் பாருங்க."

துண்டைத் தடவினார்கள், பலகையைத் தடவினார்கள், பிறகு ஒருவர் கன்னத்தை ஒருவர் தடவிச் சிரித்தார்கள்.

முற்றத்துக்குப் போனதும் தர்ஷினி சறுக்குமரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டாள். குட்டைக் கவுன், வியர்த்த தொடை தகட்டில் ஒட்டிக்கொண்டது. டோரீன் தன் துப்பட்டாவை மடித்து அடியில் கொடுத்தாள். குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து மணலில் விழுந்தது. அப்புறம் எல்லோருக்கும் துப்பட்டா வேண்டியிருந்தது.

"மிஸ், இப்போ நீங்க!"

டோரீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறினாள். பிள்ளைகளுக்கான சறுக்குமரம், பாதி வழியில் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே ஏறிய பிள்ளைகள் வரிசையாகச் சறுக்கி வந்து முதுகில் மோதினார்கள். சூடான, பிசுபிசுத்த உள்ளங்கைகள் அவளைத் தள்ளின.

அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் யார் யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவளை இப்படி நெருங்கித் தொட்டதில்லை. அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. காலை ஊன்றினால் எழுந்துவிடலாம். அவள் ஊன்றவில்லை.

"இன்னும் தள்ளுங்க," என்றாள்.

கடைசியில் எல்லோருமாக மணலில் சரிந்தார்கள்.

மதியம் பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப்போனதும் பள்ளி ஓய்ந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா சரசு நிமிர்ந்தாள். "இன்னா மிஸ், கண்ணு செவந்துகீது?"

"மணல் பட்டுடுச்சுக்கா." கிளம்பப் போனவள் நின்றாள். "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரீங்களா?"

இத்தனை நாளில் 'வரேன்க்கா' என்பதைத் தாண்டி எதுவும் பேசாத மிஸ்ஸைச் சரசு வியப்பாகப் பார்த்தாள். "ஐயோ, சண்டே ஆனேக்கல் போறேனே மிஸ். அக்கா பொண்ணுக்கு சீமந்தம்."

"பரவாயில்லக்கா. போயிட்டு வாங்க."

கேட்டைத் தாண்டும்போது சரசு கூப்பிட்டாள். "மிஸ்! அடுத்த வாரம் வரட்டா?"

"வாங்க!" தெருவில் போனவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு டோரீன் உரக்கச் சொல்லிவிட்டாள். வெட்கமாக இருந்தது. இனி திங்கட்கிழமை வரை பேச்சுத்துணைக்கு வீட்டில் யாருமில்லை. நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தும் ஏறாமல், சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தாள்.