ஆசீர்வாதம் முடிந்தால் காபி

எங்கள் சபையில் ஆசீர்வாதம் முடிந்தால் காபி. போதகர் இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் நான் ஆர்கனில் கனமாக எதையாவது வாசிக்கத் தொடங்குவேன். கீழே சனம் எழுந்து பக்கத்துக் கூடத்துக்குப் போகும். அங்கே என் அக்கா ரென்ஸ்கே பெரிய கெண்டி நிறையக் காபியோடும் ஆளுக்கொரு பிஸ்கட்டோடும் காத்திருப்பாள். ஒன்றுதான், இரண்டு கிடையாது, நாங்கள் சிக்கனத்துக்குப் பேர்போன ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள். பால் கறக்கும் நேரம் வந்தால் மாடுகள் தாமாகவே கொட்டகைக்கு நடக்குமே, அப்படித்தான் நாங்களும். எங்கள் மானம் போனதைச் சொல்ல உட்கார்ந்தால், காபியில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்த கையோடு தில்ஃபூஸாவும் அவள் மகள் நர்கிஸாவும் எங்கள் கோவிலுக்குக் குடிவந்தார்கள். தில்ஃபூஸாவுக்குச் சொந்த நாடு உஸ்பெகிஸ்தான். அவள் கணவர் அங்கே கைதாகிப் போனவர், திரும்பவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இங்கே ஓடிவந்தாள். நர்கிஸாவுக்கு இப்போது பதினான்கு வயது. பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, உறைந்த கால்வாயில் சறுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது எல்லாம் எங்கள் ஊரில்தான். என் அக்காவைவிட நன்றாக எங்கள் ஃப்ரீஸிய மொழி பேசுவாள். இருந்தாலும் அரசாங்கம் கடைசி மனுவையும் தள்ளிவிட்டது. தாஷ்கண்டுக்கு விமானச் சீட்டு தயாராக இருந்தது.

எங்கள் நாட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. ஆராதனை நடக்கும்போது போலீஸ் கோவிலுக்குள் நுழையக் கூடாது. அப்படியானால் ஆராதனையை முடிக்காமல் வைத்துக்கொண்டால்? எங்கள் போதகர் லெஃபெர்ட்டுக்கு அந்த யோசனை வந்தது. எங்கெங்கிருந்தோ போதகர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். கத்தோலிக்கர், பாப்திஸ்துக்காரர், கிட்டாரோடு வரும் இளவட்டங்கள் என்று ஒருவரையொருவர் சாதாரண நாளில் ஏறிட்டும் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் பக்கத்தில் வந்து நிற்பார். ஆசீர்வாதம் சொன்னால் ஆராதனை முடிந்துவிடும் என்பதால் முன்னவர் அதைச் சொல்லாமல் இறங்க, பின்னவர் முதல் வாக்கியத்தைச் சொல்லித் தொடங்குவார். வாரம் முழுக்க அவர்கள். ஞாயிறு காலை மட்டும் நாங்கள்.

சபைக் கூட்டத்தில் மூப்பர் டௌவே மட்டும் எதிர்த்தார். மாட்டுத் தீவனம் விற்பவர், சட்டென்று பேசிவிடுகிறவர்.

"கோவில் கும்பிடற இடம். அரசியல் பண்ண நகராட்சி இருக்கு, நாடாளுமன்றம் இருக்கு. நாளைக்கு வேற ஒருத்தன் வேற கொடியோட வருவான். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"டௌவே, ஒரு சின்னப் பொண்ணை விமானத்துல ஏத்தறது அரசியல்னா, ஏத்த வேணாம்னு சொல்றதும் அரசியல்தான்" என்றார் லெஃபெர்ட்.

நாங்கள் கை தட்டினோம். டௌவேயைக் கல்நெஞ்சக்காரர் என்று காதுபடவே பேசினோம். நானும் பேசினேன்.

அடுத்த வாரம் தொலைக்காட்சியில் விவாதம். ஒரு பக்கம் லெஃபெர்ட், மறுபக்கம் நாடாளுமன்றம் இருக்கும் ஹேக் நகரத்திலிருந்து ஆளுங்கட்சிக்காரர் ஒருவர். பார்க்க மரியாதையான மனிதர். அவரும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவராம்.

"போதகரே, உங்க மனசு எனக்குப் புரியுது" என்றார் அவர். "ஆனா உங்க சனத்தையும் எனக்குத் தெரியும். ஒரு மாசம் உற்சாகமா உட்கார்ந்திருப்பாங்க. அப்புறம் எந்திரிச்சுப் போயிடுவாங்க. அந்தக் குடும்பத்துக்கு வீண் நம்பிக்கை குடுக்காதீங்க."

லெஃபெர்ட் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாங்க எழுந்து போகமாட்டோம்" என்றார்.

எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வாக்கியத்தையே பெரிய துணியில் எழுதி, கோவில் முகப்பில், நெடுஞ்சாலையிலிருந்து தெரிகிற மாதிரி கட்டினோம்: நாங்கள் எழுந்து போகமாட்டோம். படம் எடுக்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். நாங்கள் வாய் கிழியப் பேசினோம். கடையில் ரொட்டி வாங்கும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவிலுக்கு எதிரில், ரொட்டிக்கடை ஓரம், எப்போதும் ஓர் அரசாங்கக் கார் நிற்கும். ஞாயிறுகளில் அதில் ஒற்றை ஆள்தான் இருப்பான். நெட்டையாக, மீசை முளைக்காத முகத்தோடு ஒரு பையன். ஆராதனை நின்றால் மேலிடத்துக்குச் சொல்வதுதான் அவன் வேலை. என் அக்காவுக்கு யாரையும் பட்டினி போட மனம் வராது. அவனுக்கும் ஒரு காபி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"நீ உன் வேலையைப் பாரு, நாங்க எங்க வேலையைப் பார்க்கிறோம். காபி என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள்.

ஐந்தாவது ஞாயிறு. லெஃபெர்ட் பிரசங்கத்தை முடிக்கும் தறுவாயில் இருந்தார். அடுத்து வரவேண்டிய பாப்திஸ்து அம்மாள் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, கால்வாய்ப் பாலத்தைப் பாய்மரப் படகுகளுக்காகத் தூக்கிவிட்டார்களாம். அந்த அம்மாள் அக்கரையில் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருந்தாராம். முந்தைய ஞாயிறுகளில் பக்கத்தில் இன்னொருவர் தயாராக நின்றதால் லெஃபெர்ட்டுக்கு நினைவு தப்பவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்தது. முப்பது வருஷப் பழக்கம். அவருடைய கைகள் தாமாக மேலே போயின.

ஆசீர்வாதம் சொன்னார். நாங்கள் ஆமென் என்றோம். நல்ல சத்தமாகவே சொன்னோம்.

ஆர்கன் வாசிப்பவன் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பான். கீழே நடப்பதைப் பார்க்க எனக்கு எதிரே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. ஆமென் காதில் விழுந்ததும் என் விரல்கள் கட்டைகளில் இறங்கின. கண்ணாடியில் சனம் எழுவது தெரிந்தது, கோட்டுகளை மாட்டுவது தெரிந்தது, பக்கக் கதவு வழியாகக் கூடத்துக்கு நகர்வது தெரிந்தது. எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. முன் பெஞ்சில் நர்கிஸா எழுந்து நின்று, என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். வாய் திறந்து திறந்து மூடியது. அன்று நான் வாசித்தது எனக்கே பிடித்திருந்தது. பிள்ளைக்கும் பிடித்துப்போய்க் கையாட்டுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வெளியே நடந்ததை அக்கா பிறகு அழுதுகொண்டே சொன்னாள். வழக்கம்போலத் தட்டில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு காருக்குப் போயிருக்கிறாள்.

"முடிஞ்சுதா அம்மா?" என்று கேட்டிருக்கிறான் பையன்.

"முடிஞ்சுதுப்பா. இந்தா, சூடா இருக்கறப்பவே குடி."

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு, கூடத்துச் சன்னலைப் பார்த்தான். உள்ளே எங்கள் சபை மொத்தமும் கோப்பையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அவன் போனை எடுத்து, "ஆமா சார், நின்னுருச்சு. இல்ல, நல்லாத் தெரியுது. எல்லாரும் காபி குடிக்கிறாங்க" என்று சொல்லியபடி காரிலிருந்து இறங்கினான். அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. தட்டு கையிலிருந்து நழுவியது.

என் கண்ணாடியில் வாசல் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. நடுவில் நெட்டையாக ஒரு நிழல். ஒரு கையில் போன், ஒரு கையில் எங்கள் கோப்பை. கண்ணாடியில் மீதி இருந்ததெல்லாம் வெறும் பெஞ்சுகள். முன்னால் இரண்டு பெண்கள். கட்டைகளிலிருந்து கைகளைத் தூக்கினேன். ஆர்கன் நின்றது.

தில்ஃபூஸா எழுந்து பிரசங்க மேடைக்கு நடந்தாள். படி ஏறவில்லை, அதன் கீழேயே, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, வாசலைப் பார்த்து நின்றாள். பிறகு பேசினாள். ஆராதனையைத் தொடங்கும் அந்த முதல் வாக்கியம். எங்களுக்கு உதவி வானத்தையும் பூமியையும் படைத்தவரிடமிருந்து வருகிறது என்று வரும். ஐந்து வாரமாக ஒவ்வொரு போதகர் வாயிலும் மணிக்கொரு முறை கேட்டவள். ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அவள் உச்சரிப்பு மட்டும் வேறு. தொழுகைக்கு எங்கள் பாத்திரம் கழுவும் அறையில் பாய் விரிக்கிறவள் அவள்.

சொல்லிவிட்டு நின்றாள். அடுத்து என்ன என்று தெரியவில்லை.

"அங்கிள்!" நர்கிஸாவின் குரல் கீச்சிட்டது. "பாட்டு! ஏதாவது வாசிங்க, சீக்கிரம்!"

பாட்டு எண்கள் எழுதிய பலகையில் இருந்த கடைசிப் பாட்டையே மறுபடி பிடித்தேன். இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது. கீழே இரண்டு குரல்கள் பாடின. மகளுக்கு வார்த்தை தெரியும், தாய்க்கு ராகம் மட்டும்தான் தெரியும். இருநூறு பேர் உட்காரும் கோவிலில் இரண்டு குரல்.

பையன் கதவருகிலேயே நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு போனில், "இல்ல சார். தப்பாச் சொல்லிட்டேன். நடக்குது... ஆமா, பாடிட்டிருக்காங்க" என்றான். கோப்பையைக் கடைசிப் பெஞ்சின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனான். அவனுக்கு இருந்த மரியாதை அன்று எங்களுக்கு இருக்கவில்லை.

ஆர்கன் மறுபடி ஒலித்ததும் கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கக் கதவில் நெருக்கிக்கொண்டு, கையில் கோப்பையோடு. யார் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசியாக லெஃபெர்ட் வந்தார். வாயில் பாதி பிஸ்கட். பாடிக்கொண்டிருந்த தில்ஃபூஸாவைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே, கதவோரம், தரையில் உட்கார்ந்துவிட்டார். பாலம் இறங்கி பாப்திஸ்து அம்மாள் ஓடிவந்து சேரும்வரை அந்த இருவரும்தான் பாட்டை நடத்தினார்கள். நாங்கள் சேர்ந்து பாடினோம்.

மத்தியானம் நான் கீழே இறங்கியபோது தில்ஃபூஸா பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் பாதி குடித்தபடியே ஆறிப்போயிருந்தன.

"விடும்மா, நான் எடுக்கறேன்" என்றேன்.

"பரவாயில்ல. உங்க காபி கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கங்க" என்றாள் அவள்.

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே சொன்னாள். அவள் பின்னாலேயே நடந்து, கழுவும் அறையில் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு நின்றேன். அங்கே சுவரோரம் அவளுடைய பாய் சுருட்டி வைத்திருந்தது.

கூடத்தில் மூப்பர்கள் கூடியிருந்தார்கள், துடைத்து முடித்து நானும் போனேன். முஸ்லிம் பெண் தொடங்கிய ஆராதனை சபை விதிப்படி செல்லுமா என்று ஒருவர் கேட்டார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லெஃபெர்ட் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி டௌவேயின் முறை என்று எல்லோரும் பயந்தோம்.

"நான் வேணாம்னு சொன்னவன்" என்றார் டௌவே. "வேணும்னு சொன்னவங்களைத் திட்டலாம்னுதான் வந்தேன். ஆனா கெண்டிக்குப் பக்கத்துல முதல் ஆளா நின்னது நான்தான்."

"அந்தத் துணியைக் கழட்டிடலாம்" என்றார் லெஃபெர்ட் மெதுவாக. "அந்த ஹேக் ஆளு சொன்னதுதான் நடந்துச்சு. அதைத் தொங்கவிட நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

யாரும் மறுக்கவில்லை. ஏணியை நான் தூக்கிவந்தேன், டௌவே அடியைப் பிடித்துக்கொண்டார். எதிரே காருக்குள் பையன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஏறி முதல் முடிச்சில் கை வைத்தேன். மழையில் இறுகியிருந்தது, அவிழவில்லை.

"என்ன பண்றீங்க அங்கிள்?"

நர்கிஸா வாசலுக்குள் நின்றிருந்தாள். படியைத் தாண்டி அவள் வெளியே வரக் கூடாது.

"கழட்டறோம்மா" என்றேன். "எழுதினபடி நாங்க நடந்துக்கல. வெக்கமா இருக்கு."

அவள் தலையை அண்ணாந்து துணியைப் பார்த்தாள். எழுத்துகளை முதல் முறை படிப்பவள் போல நிதானமாகப் படித்தாள்.

"அது இருக்கட்டும் அங்கிள். நானும் அம்மாவும் எழுந்து போகலையே."

அவள் உள்ளே திரும்பிப் போனாள். கீழே டௌவே ஏணியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். நான் முடிச்சிலிருந்து கையை எடுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.