உருண்டைக்குக் கிழக்கு எது?

என் தம்பி சொந்தமாக ஒரு கிரகம் வைத்திருந்தான். அவன் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவன். பகலெல்லாம் எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் அந்தக் கிரகத்தைப் பற்றி நாவல் எழுதுவான். கிரகத்துக்கு வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தான். வீட்டில் எல்லோரும் ‘உருண்டை’ என்றோம். கொஞ்ச நாளில் அவனும் உருண்டை என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நான் வானிலை அலுவலகத்தில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் காற்றும் மழையும்தான் சோறு போடுகின்றன. ‘மழை வரும்னு அக்கா சொல்லிட்டா தைரியமா துணி காயப்போடலாம்’ என்பது தம்பியின் பழைய கிண்டல். அப்படிப்பட்டவன் ஒருநாள் கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு என் அலுவலகத்துக்கே வந்து நின்றான்.

“அக்கா, உருண்டைக்கு நீதான் வானிலை போட்டுக் குடுக்கணும்.”

“என்னை நம்பியா?”

“வேற யாரு இருக்கா? எங்க மழை, எங்க பாலைவனம், எங்க பனி, எல்லாம் முறையா இருக்கணும். புத்தகம் அச்சுக்குப் போகுது. ஏனோதானோன்னு விட்டா, விவரம் தெரிஞ்சவன் ரெண்டே வரியில கிழிச்சுடுவான்.”

படத்தை மேசையில் விரித்தான். ஒரே ஒரு பெரிய கண்டம். மேலே வடக்கு என்று அம்புக்குறி. இடதுபக்கக் கடலோரத்தில் ஒரு துறைமுகம், அதை ஒட்டி முதுகெலும்பு போல நீளமான மலைத்தொடர், அதற்கு வலப்பக்கம் பரந்த சமவெளி. ஊர்ப் பெயர்களைக் குட்டிக் குட்டியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தான்.

“எந்தப் பக்கமா சுத்துது?” என்று கேட்டேன்.

“நம்ம பூமி மாதிரியேதான். அளவு, சாய்வு, சுத்துறது, எதுலயும் மாத்தம் இல்ல.”

மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கிரகத்தின் நடுக்கோட்டில் சூடாகும் காற்று மேலே ஏறி, அங்கேயே மழையைக் கொட்டிவிடும். காய்ந்துபோன காற்று வடக்கேயும் தெற்கேயும் தள்ளிப் போய்க் கீழே இறங்கும். பிறகு நடுக்கோட்டை நோக்கித் திரும்பி வரும்போது, கிரகம் சுழல்வதால் கிழக்கிலிருந்து வீசும். கடல்மீது வந்தால் ஈரத்தோடு வரும். குறுக்கே மலை நின்றால் வரும் பக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுபக்கத்துக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போகும். இந்தக் கணக்குப்படி தம்பியின் துறைமுகம் மேற்குக் கரையில், மலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அதற்கு மஞ்சள் அடித்தேன், பாலைவனம் என்று. சமவெளிக்குப் பச்சை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

“துறைமுகத்துல மழையே இல்லையா? என் கதாநாயகி குடை செய்யிறவ அக்கா. அந்த ஊர்ல மூணு மாசம் துணியே காயாது. மலைக்கு அந்தப் பக்கம் உப்பு வியாபாரிங்க இருக்காங்க. சொட்டுத் தண்ணி கிடையாது அங்க. நீ அங்க போய்க் காடு வளர்த்து வெச்சிருக்க.”

“காத்து அப்படித்தான்டா வீசும்.”

“எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் யோசிச்சுதானே எழுதினேன்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பரீட்சையில் சரியாகப் போட்ட கணக்குக்கு முட்டை வாங்கியவன் போல நின்றான்.

எனக்கும் குழப்பம். மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். “சரியாத்தான் மேடம் இருக்கு” என்றார். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இல்லாத ஊரில் மழை பெய்ய வைக்கத் தெரியவில்லையே என்று இருந்தது.

கடைசியில் அவன் எழுதியதையே வாங்கிப் படித்தேன். முதல் அத்தியாயத்திலேயே விஷயம் கிடைத்தது. குடைக்காரி காலையில் கடை திறக்கிறாள், கடலிலிருந்து சூரியன் எழுகிறது. கடலோ படத்தில் இடப்பக்கம் இருக்கிறது. வடக்கு மேலே என்றால் இடப்பக்கம் மேற்கு. அங்கே சூரியன் எழ வேண்டுமென்றால் உருண்டை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும்.

அப்படிச் சுற்றினால் காற்றும் எதிர்ப்பக்கமிருந்து வீசும். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். துறைமுகத்தில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. உப்பு வியாபாரிகளின் ஊர் பொரிந்து கிடந்தது. அவன் எழுதியிருந்த ஒவ்வொரு ஆறும், ஒவ்வொரு புழுதிக்காற்றும் அச்சாகப் பொருந்தின. படவா, வேண்டுமென்றேதான் என்னிடம் மறைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். அவன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தான். படத்தை அவன் முன் விரித்தேன்.

“நீ பெரிய ஆளுடா. உருண்டையை எதிர்ப்பக்கமா சுத்த விட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்திருக்க.”

“நான் எங்க விட்டேன்? நம்ம மாதிரிதான் சுத்துது. சூரியன் கிழக்கேதான் உதிக்குது. இதோ, கிழக்கு.”

அவன் விரல் படத்தின் இடது ஓரத்தில் இருந்தது.

“அது மேற்குடா.”

“மேற்கா?” விரலை எடுத்து வலது ஓரத்தில் வைத்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி இடப்பக்கமே கொண்டுவந்தான். “நீ என்னைக் குழப்புற அக்கா” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் உள்ளே போய், அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த இன்னொரு படத்தைப் பிரித்து எடுத்துவந்தாள். “இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டது அண்ணி. உங்ககிட்ட குடுத்தது போன மாசம் போட்டது.”

பழைய படத்தைப் புதியதன் வலப்பக்கத்தில் விரித்தாள். பழையதில் துறைமுகம் வலது ஓரத்தில் இருந்தது. மலை, ஆறு, சமவெளி எல்லாமே கண்ணாடியில் பார்த்ததுபோல மாறியிருந்தன. எழுத்துகள் மட்டும் இரண்டிலும் நேராக இருந்தன. அதனால் தாளைத் திருப்பிப் போட்டுப் படியெடுத்தான் என்றும் சொல்ல முடியாது.

“எதுக்கு மாத்தின?” என்று கேட்டேன்.

“எதை?”

“படத்தைத்தான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

விளையாடுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. “துறைமுகத்தை ரெண்டுலயும் தொட்டுக் காட்டு” என்றேன்.

சரியாகத் தொட்டான். இடது கை புதிய படத்தின் இடது ஓரத்தில், வலது கை பழைய படத்தின் வலது ஓரத்தில். மேசையைக் கட்டிப்பிடிப்பவன்போல இரண்டு கைகளும் அகல விரிந்திருந்தன. அவன் ஒரு கையைப் பார்த்தான், பிறகு மறு கையைப் பார்த்தான். “ஒரே இடம்தான்” என்றான். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

தம்பி மனைவி என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். பத்து வருடமாக நடந்து போகிற கடைத்தெருவுக்கு அவன் இரண்டு முறை எதிர்த்திசையில் திரும்பிப் போனானாம். பணிமனையில் போகிற தடத்தையும் வருகிற தடத்தையும் மாற்றிப் போட்டு, மேலாளரிடம் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்திருக்கிறான். “புத்தக வேலை, தூக்கம் பத்தலைன்னு நினைச்சேன் அண்ணி. இது என்னன்னே எனக்குப் புரியல.”

எனக்கும் புரியவில்லை. ஆனால் மறுநாள் காலை மூன்று பேரும் மருத்துவமனையில் இருந்தோம்.

டாக்டரம்மா அவனிடம் பெயர், தேதி எல்லாம் கேட்டார். சரியாகச் சொன்னான். “வலது கையால இடது காதைத் தொடுங்க” என்றார். அவன் கை பாதி வழி போய் நின்றது. வலது காதைத் தொட்டுவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் வாய்ப்பாடு சொல்லும்போது அப்படித்தான் பார்ப்பான். நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

படம் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கத்தில் ஓர் இடத்துக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்திருந்தது.

“நடந்து ஒரு ரெண்டு மாசம் இருக்கும். வலி இருந்திருக்காது. கவனிக்காம விட்டிருந்தா இதைவிடப் பெரிசா ஒண்ணு வந்திருக்கும்” என்றார் டாக்டரம்மா. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“குடை செய்யிற ஊர்ல மழை பெய்யல டாக்டர்” என்றேன்.

அடுத்து என்னையும் பரிசோதிக்க வேண்டுமோ என்பதுபோல அவர் பார்த்தார். தம்பி மனைவிதான் முதலிலிருந்து விளக்கினாள்.

மாத்திரை, பயிற்சி என்று மாதங்கள் போயின. கொஞ்சம் தேறினான். வழி தவறுவது குறைந்தது. இடது வலது மட்டும் நின்று யோசித்தால்தான் வந்தது. பணிமனையில் விசாரணை ஜன்னலுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். வழி கேட்டு வருகிற சனங்கள் பாவம் என்று அவனே மறுத்துவிட்டு, தொலைந்த பொருள்கள் அறைக்குப் போய்விட்டான்.

ஒரு மாலை இரண்டு படங்களையும் என் முன் வைத்தான்.

“புதுசு தப்பா அக்கா?”

“கணக்குப்படி தப்பில்ல. எதிர்ப்பக்கம் சுத்துச்சுன்னா அதுவும் சரிதான். மழை அதே ஊர்லதான் பெய்யும்.”

“அப்ப எது நிஜ உருண்டை?”

“உண்டாக்கினது நீ. என்னைக் கேட்டா?”

“அதான் கேக்குறேன். ரெண்டையும் நான்தானே போட்டேன்? ரெண்டு தடவையும் சரியா போடுறதாத்தான் நினைச்சேன்.”

காற்றையும் மழையையும் பற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இதற்குத் தோளைத் தட்டினேன்.

அதற்குப் பிறகு நாவல் முழுவதையும் திருத்தினான். இடது, வலது, கிழக்கு, மேற்கு என்று வந்த இடமெல்லாம் அடித்துவிட்டு, கடல் பக்கம், மலைப் பக்கம் என்று எழுதினான். ஒன்றரை மாதம் ஆனது. எழுத்து முன்னைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எந்தப் படத்தை அச்சுக்குக் கொடுப்பது என்று இழுபறியாக இருந்தபோது தம்பி மனைவி முடிவெடுத்தாள். “எது எப்படியோ, படிக்கிறவங்களுக்கு சூரியன் வலப்பக்கம் வரட்டும். ஊர் உலகத்துல அப்படித்தான் படம் போடுறாங்க.” பழைய படம் போனது.

போன வாரம் புத்தகம் வந்தது. தம்பி முதல் பக்கத்தைத் திறந்து படத்தை வெகுநேரம் பார்த்தான். துறைமுகத்தில் விரல் வைத்தான். மலையைத் தாண்டி உப்பு வியாபாரிகளின் ஊர் வரை மெல்லத் தடவிக்கொண்டே போனான்.

“நல்லா வந்திருக்கு அக்கா. நான் போட்ட மாதிரியே இருக்கு.”

“ஆமாண்டா” என்றேன். அவன் எந்தப் படத்தைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.