நன்றாகச் சாப்பிட்ட புறா

புறா கோழியாகிவிட்ட செய்தி புதன்கிழமை மாலைக்குள் டோங்காவில் எங்கள் ஊரான ஃபுவாலோத்தோ முழுக்கப் பரவிவிட்டது. யார் பரப்பினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வீட்டைக் கை காட்டுவார்கள். தன் வீட்டை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

செமிசி நல்ல ஓவியன்தான். ஆனால் அவன் கை பழகியதெல்லாம் பேருந்துகளின் பக்கவாட்டில். மறுநாள் புதிய தண்ணீர்த் தொட்டியைத் திறக்க இளவரசி வருகிறார் என்று ஊர் முகப்பில் தென்னையோலை வளைவு கட்டி, அதன் உச்சியில் அரச சின்னத்தை வைப்பதாக ஏற்பாடு. செமிசியின் பலகையில் கிரீடம் பளபளத்தது. மூன்று நட்சத்திரங்களையும் மூன்று வாள்களையும் குறை சொல்ல முடியாது. ‘கடவுளும் டோங்காவுமே என் சொத்து’ என்ற வாசகத்தில் ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. புறா மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முட்டையிடப் போகிற முகத்தோடு நின்றது. போதாக்குறைக்கு, அதன் அலகில் இருக்க வேண்டிய ஒலிவ இலையை செமிசி மறந்தே போயிருந்தான்.

இதில் அதிகம் கவலைப்பட்டது அனாசெய்னிதான். அவள் புருஷன் மாஃபி ஊர் அதிகாரி. அடுத்த மாதம் தேர்தல். அந்தத் தொட்டிக்காக மாஃபி அமைச்சகத்துக்குப் பதினோரு முறை அலைந்திருக்கிறான். பதினோரு முறையும், பெரியவர்கள் முன்னால் மரியாதைக்காக உடுப்பின் மேல் சுற்றும் இடுப்புப் பாயை அவனுக்கு இழுத்துக் கட்டிவிட்டவள் அவள்தான். போன தேர்தலில் நாலு வாக்கில் தோற்ற சியோசி, கோழியைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து எல்லோருக்கும் வலியப் போய் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். நாளைக்கு இன்னும் ஒரு அசம்பாவிதம் நடந்தால் போதும், மாஃபியின் கதை முடிந்தது.

வியாழக்கிழமை இளவரசி பத்து மணிக்கு வருவார் என்றார்கள். எங்கள் ஊரில் பத்து என்றால் பதினொன்றரை. ஆகவே ஒன்பதரைக்கு மாஃபி, கையில் ஒரு சின்னக் கிளையோடு, ஏணி வைத்து வளைவின் மேல் ஏறினான். புறாவின் அலகில் இலையைக் கட்டிவிட்டால் அது புறா என்று ஊரார் ஒத்துக்கொள்வார்கள் என்பது அவன் கணக்கு. ஏறும்போது இடைஞ்சலாக இருந்த இடுப்புப் பாயை அவிழ்த்து ஏணியின் கீழ்ப்படியில் முடிந்து வைத்தான். அவன் உடம்பின் கனத்துக்கு வளைவு ஒருமுறை முனகிவிட்டுப் பேசாமல் இருந்தது.

அப்போதுதான் வைசிலிவா வந்தாள். மாஃபியின் அக்கா. புருஷனின் அக்கா என்றால் எங்களில் அவள் வைத்ததுதான் சட்டம். விருந்தில் முதல் இடம், முதல் துண்டு, கடைசி வார்த்தை மூன்றும் அவளுக்கு. வைசிலிவா அந்த மூன்றையும் பதினெட்டு வருஷமாக அனாசெய்னியிடம் ஒரு பொட்டுகூட விட்டுக்கொடுத்ததில்லை. அவள் வளைவைப் பார்த்தாள். ஓலைகளுக்கிடையே இரண்டு பெரிய கால்கள் தெரிந்தன. அவை தம்பியின் கால்கள் என்று தெரிந்த மறுகணமே, நல்ல குடும்பத்துப் பெண்ணாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் வெறிக்கப் பார்ப்பதோ, நேரில் பேசுவதோ எங்களுக்கு அழகல்ல. முகத்தைத் திருப்பிய இடத்தில் ஏணி இருந்தது. அரச ஊர்வலம் வரும் பாதையில் அழுக்கு ஏணி என்பது மட்டுமே அவள் கண்ணில் பட்டது, அந்தக் கால்கள் எப்படி இறங்கும் என்பது மனதில் படவில்லை. அதை உடனே எடுத்துப் போய்த் தேவாலயத்தின் பின்னால் போடும்படி வாத்தியக் குழுக்காரர்களிடம் சொன்னாள். அவள் சொன்னால் யார் மறுப்பது? எடுத்துப் போனார்கள், பாயோடு.

அந்த நேரம் பார்த்து, டோங்காவின் சரித்திரத்தில் நடக்காத ஒன்று நடந்தது. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே கார் வந்துவிட்டது.

போலீஸ் மோட்டார் சைக்கிள் வளைவைத் தாண்டிப் போனதும் சாலையின் இருபுறமும் இருந்த அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அரச குடும்பத்தார் கடக்கும்போது நின்றுகொண்டிருப்பதே தப்பு. அவர்கள் தலைக்கு மேலே ஒரு ஆள், அதுவும் இடுப்பில் பாய்கூட இல்லாமல், ஒரு கோழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தப்புக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை.

அனாசெய்னி நாத்தனாரின் காதருகே குனிந்தாள்.

“அண்ணி, ஏணி எங்க?”

“எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். அசிங்கமா கெடந்துது.”

“மேல உங்க தம்பி இருக்காரு.”

வைசிலிவா நேரே சாலையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் கழுத்து மட்டும் மெல்லச் சிவந்தது. “நான் எப்படி அண்ணாந்து பாக்குறது? நீதான் சொல்லணும்.”

“இப்ப சொல்லிட்டேன்.”

“குதிக்கச் சொல்லு.”

“குதிச்சா தொட்டியோட சேத்து அவருக்கும் இன்னிக்கே பிரார்த்தனை நடத்திடலாம்.”

எதிர் வரிசையில் சியோசி வளைவின் உச்சியைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் கிறிஸ்துமஸ் விடிந்தது.

கார் வளைவுக்கு நூறு அடியில் இருந்தது. அனாசெய்னி என்ன நினைத்தாள் என்று பிறகு பலரும் கேட்டார்கள். எதுவும் நினைக்கவில்லை என்றுதான் அவள் சொல்கிறாள். பக்கத்தில் கிடந்த வாழை இலையை எடுத்துத் தலையில் செருகினாள், எழுந்தாள், சாலை நடுவே ஓடினாள். கைகளை மடக்கி இறக்கையாக அடித்துக்கொண்டு, கழுத்தை முன்னும் பின்னும் வெட்டி, கார் முன்னால் கோழி நடை நடந்து ஆடத் தொடங்கினாள்.

சந்தோஷம் தாங்காமல் ஒரு பெண் எழுந்து கோமாளிக்கூத்து ஆடினால் ராஜ வம்சத்துக் கார்கூட நின்றுதான் ஆக வேண்டும். அது எங்கள் பெண்களுக்கு உள்ள உரிமை. கார் நின்றது. ஆனால் ஒற்றை ஆளின் கூத்து எத்தனை நேரம் தாங்கும்? மூச்சு வாங்கியது. டிரைவர் மறுபடி கியரைத் தொட்டான்.

அப்போது வைசிலிவா எழுந்தாள். ஞாயிறு பள்ளித் தலைமை ஆசிரியை, எங்களில் பாதிப் பேருக்குக் காதைத் திருகியவள், சிரித்து யாரும் பார்த்திராதவள். குடையை விரித்துப் பின்பக்கம் வால்போல வைத்துக்கொண்டு, சேவல் மாதிரி நெஞ்சைத் தள்ளியபடி அனாசெய்னியைச் சுற்றி வந்தாள். சாலை வெடித்தது. வாத்தியக் குழு எந்தப் பாட்டென்று தெரியாமல் மூன்று பாட்டை ஒன்றாக ஊதியது. இருபது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். காருக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு கோழிப் பண்ணையே எழுந்து மறைத்தது.

அந்த மறைவில், தேவாலயத்தின் பின்னாலிருந்து ஏணி திரும்பி வந்தது. நின்று தூக்க முடியாதே, செமிசியும் குழுக்காரர் இருவரும் முழங்காலில் தவழ்ந்தபடி இழுத்து வந்தார்கள். நாலாவது கையாக அதைப் பிடித்தவன் சியோசி. ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது பெரிய பாரம்போலிருந்தது என்று அவன் மனைவி மூலம் தெரியவந்தது.

மாஃபி இறங்கி, பாயைக் கட்டிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தான். தலையில் இரண்டு ஓலைத் துண்டுகள் மட்டும் மிச்சம்.

கார்க் கண்ணாடி இறங்கியது. இளவரசி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரச குடும்பத்தின் சார்பில் பேசுவதற்கென்றே அருகே இருந்த பேச்சுத் தலைவரிடம் ஏதோ சொன்னார். தலைவர் குரலை உயர்த்தினார்.

“இளவரசியார் கேக்குறாங்க. சின்னத்துல இருக்குற அந்தக் கோழி யார் வீட்டுக் கோழி?”

மாஃபி தலையைத் தாழ்த்தியபடி சொன்னான்:

“அது புறாதாங்க. எங்க ஊர்ல வளந்த புறா. இங்க எதுவும் ஒல்லியா இருக்குறதில்ல.”

காருக்குள்ளிருந்து வந்த சிரிப்பு ஒரு இளவரசிக்குரியது அல்ல, நன்றாக வயிறு குலுங்கிய சிரிப்பு. தொட்டியைத் திறந்த கையோடு அவர் அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டார். செமிசி இப்போதெல்லாம் பேருந்து வரையக் கூப்பிட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்கிறான்.

தேர்தலில் மாஃபி ஜெயித்தான். சியோசிக்குப் போன தடவையைவிடக் குறைந்த வாக்குதான், ஆனால் ஏணி தூக்கிய கதையைச் சொல்லி அவன் குடிக்கிற காவா பானத்துக்குக் கணக்கில்லை.

எனக்கு மறக்காதது தொட்டி திறந்த அன்றைய விருந்துதான். முறைப்படி பன்றியின் முதுகுத் துண்டை வைசிலிவா முன்னால் வைத்தார்கள். அவள் அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், இலையோடு அனாசெய்னி பக்கம் தள்ளிவிட்டாள்.

“எனக்கு முதுகுத் துண்டு புடிக்காது,” என்றாள்.

பதினெட்டு வருஷமாக அவள் அதை எலும்பு வெள்ளையாகும்வரை தின்றதை ஊரே பார்த்திருக்கிறது. அனாசெய்னி எடுத்துக் கடித்தாள். அவள் தலையில் அந்த வாழை இலை அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது.