மூக்கம்மாளுக்கு வழிவிட்ட கடல்

மட்டாஞ்சேரி மூக்கம்மாள் கடற்கரைக்கு வந்தால் கடல் பின்வாங்கும். அவள் பத்தடி முன்னால் போனால் அது பத்தடி பின்னால் போகும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். 1942ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. ஊரை ஒட்டிக் கிடக்கும் உப்புநீர்க் காயலுக்கு இதில் சம்பந்தமில்லை. மட்டாஞ்சேரிப் படகுத்துறையை அவள் தினமும் கூட்டினாள். காயல் தண்ணீர் கல்படியை நனைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. ஃபோர்ட் கொச்சிக் கடல் மட்டும்தான் அவளைக் கண்டால் ஒதுங்கியது.

அவள் புருஷன் பாலையா மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமந்தவன். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டு ஜூலையில், கொழும்பில் பட்டாளத்துச் சரக்கு ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று ஒரு கப்பல் கம்பெனி நாற்பத்தொரு சுமட்டுக்காரர்களைக் கூட்டிப் போனது. ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் கோத்த ஒரு பித்தளை வில்லை. பாலையாவின் நம்பர் பதினேழு. மூக்கம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயது, எட்டு மாதக் கர்ப்பம். "மூணே மாசம். பிள்ளைக்குப் பேர் வைக்க வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு மழையில் கப்பல் ஏறினான். பெண் பிறந்தது, பெயரும் வைத்தாயிற்று, அவன் வரவில்லை. அக்டோபரில் அவள் கம்பெனிக்குப் போய்க் கேட்டபோது, பேரேட்டைத் திறந்து வாசித்துக் காட்டினார்கள்: நாற்பத்தொரு பேரும் கொழும்பில் இறங்கி வேலைக்கு வராமல் ஓடிப்போனார்கள். யுத்தகாலத்தில் கப்பல்களைப் பற்றி அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்க முடியாது.

அங்கிருந்து அவள் இரண்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடற்கரைக்கு நடந்தாள். "நீதான கூட்டிட்டுப் போன. நீ சொல்லு, எங்க ஓடுனாரு?" என்று கேட்டாள். கடல் பின்வாங்கியது. அவள் விடாமல் துரத்த, அதுவும் போய்க்கொண்டே இருந்தது. சீன வலைகள் அத்தனையும் வெறும் சேற்றுக்கு மேல் தொங்கின. வலைக்காரர்கள் ஓடிவந்து அவளை மறித்தார்கள். அவர்களில் இளைஞனாக இருந்த முகமது இஸ்மாயில்தான் மரியாதையாகப் பேசினான்: இந்தக் கரையில் முந்நூறு குடும்பம் கஞ்சி குடிக்கிறது, தயவுசெய்து இந்தப் பக்கம் வரவேண்டாம். மூக்கம்மாள் யோசித்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். கடலிலிருந்து இரண்டு பர்லாங் தள்ளி, போர்த்துக்கீசியர் கட்டிய பழைய பறங்கிக் கோவிலின் பின்சுவர் அவளுக்கு எல்லையாயிற்று. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் இஸ்மாயில் ஒரு கை மீனை இலையில் சுற்றி அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு வெள்ளியும் தவறவில்லை.

தவறாமல் வந்த இன்னொன்று பேச்சு. பாலையா கொழும்பில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்றார்கள். பிறகு பினாங்கில் சாயாக்கடை வைத்திருக்கிறான் என்றார்கள். மகள் பாக்கியலக்ஷ்மியைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை, ஓடிப்போனவன் மகள் என்று தெரிந்து காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மூன்றாவது முறை யாரும் வருவதற்கு முன்பே பாக்கியம் தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போய், அங்கே எண்பது பெண்களுக்கு மேஸ்திரியாகி, கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மூக்கம்மாள் நகரசபையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். நகரசபை கார்ப்பரேஷன் ஆனது. அவளுடைய தெருக்கள் மாறவில்லை.

1978 ஜனவரியில், அவள் ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது, துப்புரவுத் தொழிலாளர் சங்கம் ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்தது. தூரம் மொத்தம் இரண்டு மைல். சங்கச் செயலாளர் சங்கரலிங்கத்தின் யோசனை அது. வெளிநாட்டுக்காரன் எல்லாம் கப்பலேறி வந்து பார்த்துப்போகிற இடங்களின் வாசலை இருபது முப்பது வருஷமாகப் பெருக்கும் பெண்கள், ஒருவர்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கார்ப்பரேஷன் லாரியையே கழுவிக் கொடுத்தார்கள். பின்னால் ஒரு மூலையில் விளக்குமாறும் மண்வெட்டியும் கூடையும் இருந்தபடி இருக்க, மிச்ச இடத்தில் பட்டுச்சேலை கட்டிய இருபத்தாறு பெண்கள் உட்கார்ந்தார்கள். விவரம் சொல்ல வெங்கிடேஸ்வரன் என்ற பெரியவர் வந்தார். கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். பாக்கியமும் ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள், ஏனென்றால் சுற்றுலாவின் கடைசி இடம், யுத்தத்தில் மாண்டவர்களுக்காகக் கடற்கரையில் நட்டிருந்த யுத்தக் கல். அதில் பெயர்கள் வெட்டியிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

டச்சு அரண்மனையில் சுவர்ச் சித்திரங்களைப் பார்த்தார்கள். யூதர்கள் தொழும் பள்ளியில் தரைக்குப் பதித்த நீலப் பூ ஓடுகளின் மேல் செருப்பில்லாமல் நடந்தபோது, சீனியம்மாள் என்பவள் ஓர் ஓட்டைக் குனிந்து முகர்ந்து, "நல்லாத்தான் துடைக்காங்க" என்று சான்று கொடுத்தாள். பறங்கிக் கோவிலில் எவனோ ஒரு கப்பல் தலைவனைப் புதைத்து, பிறகு எடுத்துக்கொண்டு போன குழியைப் பார்த்தார்கள். எலும்பை எடுத்துப் போவதற்கென்றே ஒரு கப்பல் வந்ததாம். இதைக் கேட்டபோது மூக்கம்மாள் நெடுநேரம் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றாள். வெளியே வந்ததும் சங்கரலிங்கம் தயங்கித் தயங்கி, பின்சுவரைக் காட்டி, "அக்கா, இதுக்கு அங்கிட்டு…" என்று இழுத்தான். "எனக்குத் தெரியும்லே. நான் வண்டியிலயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

யுத்தக் கல் ஆளுயரத்துக்குக் கறுப்பாக இருந்தது. பாக்கியம் அதிலிருந்த அறுபத்து மூன்று பெயர்களையும் மலையாள எழுத்தில் ஒவ்வொன்றாக வாசித்தாள். கேப்டன்கள், எஞ்சினீயர்கள், தந்தி குமாஸ்தாக்கள், ஒரு பாதிரி. மூட்டை சுமந்தவர்கள் ஒருவரும் இல்லை. அவள் வெங்கிடேஸ்வரனிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி, கப்பல் புறப்பட்ட மாதத்தையும் சொல்லிக் கேட்டாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நாப்பத்தொரு பேரா? அவங்க ஓடிப்போனவங்கதானே அம்மா. ஓடிப்போனவங்க பேரைக் கல்லுல வெட்டுவாங்களா?" கேலியாகச் சொல்லவில்லை. ஒரு விவரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால்தான் பாக்கியத்துக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தைந்து வயதில், எண்பது பேரை ஆளும் மேஸ்திரி, லாரிக்குத் திரும்பி வந்து, அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அவரு ஓடித்தான் போனாராம்மா? நெசத்தைச் சொல்லு. எனக்கு இனிக் கோவம் இல்ல."

மூக்கம்மாள் லாரியிலிருந்து இறங்கினாள். கடல் பக்கம் போகவில்லை. முதலில் இஸ்மாயிலைத் தேடினாள். அவர் இப்போது வலைக்காரர்களுக்கெல்லாம் மூப்பன், தாடி வெளுத்தவர். கோவில் பின்சுவரைத் தாண்டாமல் நின்றுகொண்டு ஆள்விட்டு அழைத்தாள்.

"இக்கா, முப்பத்தஞ்சு வருசமா வாக்கைக் காப்பாத்திட்டேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு அதை எனக்குத் திருப்பிக் குடுங்க."

இஸ்மாயில் அவள் முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் பாக்கியத்தின் முகத்தையும் பார்த்தார். பிறகு திரும்பி, கரை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்: "வலையெல்லாம் மேல பொக்கிக்கோ! வள்ளத்தைக் கரையேத்து! மூக்கம்மா இறங்குறா!"

பதினோரு மணிக்கு அவள் மணலில் கால் வைத்தாள். கடல் அவளை மறந்திருக்கவில்லை. பத்தடி வைத்தாள், பத்தடி விலகியது. இந்த முறை அவள் கேட்கவுமில்லை, திட்டவுமில்லை. தெருக் கூட்டப் போகிற நடையில் போய்க்கொண்டே இருந்தாள். பின்னாலேயே சங்கத்துப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வலைக்காரர்கள். கடைசியாகச் செருப்பைக் கையில் பிடித்தபடி வெங்கிடேஸ்வரன். வழியில் துருப்பிடித்த நங்கூரங்கள், மூக்குடைந்த சீன ஜாடிகள், மூன்று பீரங்கி, எண்ண முடியாத அளவு ஒற்றைச் செருப்புகள். நண்டுகள் வழிவிட்டன. ஒன்றரை மைல் போனதும் கடல் நின்றிருந்த இடத்தில் ஒரு புகைபோக்கி தெரிந்தது. இன்னும் நூறடி போனதும், ஒரு கப்பல் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். கொழும்பு அங்கிருந்து முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தது.

மூக்கம்மாள் கப்பலையும் தாண்டி இருபதடி போய் நின்றாள். பின்னால் திரும்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஓரடி பின்னால் வைத்தால் தண்ணீரும் ஓரடி வரும். ஆகவே பனையுயரத்துக்கு எழுந்து நின்ற தண்ணீரைப் பார்த்தபடி அங்கேயே காலை ஊன்றிக்கொண்டாள். "ஏட்டி, நீங்க பாருங்க. நான் இதைப் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள்.

கப்பலை முப்பத்தைந்து வருஷத்துச் சேறு மூடியிருந்தது. சீனியம்மாள் இடுப்பில் கை வைத்து அதை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லாரியிலிருந்து சாமான்களைக் கொண்டுவரச் சொன்னாள். சேறு என்பது இருபத்தாறு பேருக்கும் புதிய விஷயம் அல்ல. வெட்டி, அள்ளி, கூடையில் சுமந்து, கூட்டித் தள்ளி, மதியம் இரண்டு மணிக்குள் மேல்தளத்தைத் துலக்கிவிட்டார்கள். பட்டுச்சேலைகள் எந்த நிறம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சரக்கறையின் இரும்பு மூடி வெளிப்பட்டது. அதன் குறுக்கே ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளில் ஒரு பூட்டு. பூட்டு வெளிப்பக்கம் இருந்தது.

வெங்கிடேஸ்வரன் குனிந்து அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "பேரேட்டுல அந்த வரியை எழுதினது ஞான்தான்" என்றார். "இருபது வயசு. மேல இருந்தவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கப்பல் கொழும்புக்குச் சேர்ந்துதான்னுகூடக் கேக்கல."

இஸ்மாயில் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். மூடியைத் தூக்கியதும் பீடி வாசனையும் ஜூலை மழையின் வாசனையும் மேலே வந்தன. நாற்பத்தொரு பேரும் உள்ளே இருந்தார்கள். ஒருவர்கூட ஓடவில்லை. எலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டாம் என்று பெண்களே முடிவு செய்தார்கள். வில்லைகள் மட்டும் பித்தளை என்பதால் துடைத்ததும் துலங்கின.

பாக்கியம் கப்பலைச் சுற்றி நடந்து, தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த அம்மாவிடம் போனாள். மகள் அவள் உள்ளங்கையைப் பிரித்து ஒரு வில்லையை வைத்தாள். மூக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. இந்த ஓர் எண் மட்டும் தெரியும். கட்டைவிரலால் தடவினாள்.

"பதினேழு" என்றாள்.

"ஓடலம்மா. பூட்டிப் போட்டிருந்தாங்க."

மூக்கம்மாள் வில்லையை மூடிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, கடலைப் பார்த்துச் சொன்னாள்: "போதும். இனி நீ பயப்பட வேண்டாம்." முப்பத்தைந்து வருஷம் அது தன்னைக் கண்டு பயந்து ஒதுங்கியது என்றுதான் எல்லோரையும்போல அவளும் நினைத்திருந்தாள். பதில் சொல்லத்தான் அது பின்னால் பின்னால் போயிருக்கிறது, தன்னைத்தான் இடையில் மறித்துவிட்டார்கள் என்று அப்போது தோன்றியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்ததைப் பாக்கியம் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள்.

நான்கு மணிக்குத் திரும்பினார்கள். நாற்பத்தொரு பேரையும் கரையிலிருந்து வரவழைத்த புதுத் துணியில் பொதிந்து கூடைகளில் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் மூக்கம்மாள் நடந்தாள், அவள் வேகத்துக்கு ஏற்றபடி கடல் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தது. கரையில் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, தோப்பும்படி மூன்று ஊர்களும் கூடியிருந்தன. கோவில் மேளம், பள்ளிவாசல் துஆ, மாதா கோவில் மணி மூன்றும் ஒன்றையொன்று மீறிக் கேட்டன. யாரும் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. லாரி முன்னால் போக, ஊர்வலம் மட்டாஞ்சேரித் தெருக்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்தது. மறுநாள் அந்தத் தெருக்களைக் கூட்ட வேண்டியவர்களும் அவர்களேதான், சந்தோஷமாகக் கூட்டினார்கள்.

கல்லில் பெயர் ஏற ஆறு வருஷம் பிடித்தது. வெங்கிடேஸ்வரன் பழைய பேரேட்டைத் தேடிப் பிடித்து, வில்லை எண்களையும் பெயர்களையும் ஒத்துப்பார்த்து, தன் கையெழுத்தில் இருந்த அந்த ஒரு வரி பொய் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கூடவே மூக்கம்மாளும் போனாள். ஆதாரம் போதாது என்று சொன்ன ஓர் அதிகாரியிடம், "சார் ஒரு நாள் சௌகரியப்பட்டா கடல்கரைக்கு வாங்க, கப்பலைக் காட்டுதேன்" என்று பணிவாகச் சொன்னாள். அவர் அன்றே கோப்பை நகர்த்திவிட்டார். 1984இல் பழைய கல்லுக்குப் பக்கத்தில் அதைவிட ஒரு சாண் உயரமாக இன்னொரு கல் வந்தது. பதினேழாவது வரியில் பாலையா. பாக்கியம் நாற்பத்தொரு பெயர்களையும் உரக்க வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் "எங்காளு" என்று கை தூக்கினார்.

கடல் இன்றும் மூக்கம்மாளுக்கு வழிவிடுகிறது, அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது அவளை யாரும் வரவேண்டாம் என்பதில்லை. ஆண்டுதோறும் ஜனவரி முதல் சனிக்கிழமை, தோப்பும்படிப் படகுக்காரர்கள் முந்நூறு படகுகளைக் கொண்டுவந்து வரிசையாக நங்கூரமிடுவார்கள். அவள் காலையில் வந்து படகுகளைத் தாண்டி நடந்து, கடல் விலகிய சேற்றில் பலகை போட்டு வைக்கும் நாற்காலியில் உட்காருவாள். படகுகள் தரைதட்டி நிற்கும். ஆட்கள் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, எண்ணெய் பூசுவார்கள். அவளுக்கு மணிக்கொரு சாயா வரும். நான்கு மணிக்கு, "எல்லாரும் முடிச்சாச்சா?" என்று கேட்பாள். மேற்குக் கோடியில் எவனாவது "பத்து மினிட்டு, அம்மே!" என்று கத்துவான். அவள் இன்னொரு சாயா கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்திருப்பாள்.